மங்கு, பரு, பீல்: தோல் மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கெமிக்கல் பீல் பற்றியவை, அதாவது ஆசிட் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன். வயது, பூசும் க்ரீம், சாப்பிடும் மாத்திரை எதையும் எழுதாமல் "எனக்கு எந்த பீல் நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் மறுபடி எழுதுங்கள், முழு விவரத்தோடு.

இன்னும் பத்து நாளில் நிச்சயதார்த்தம். முகம் பளிச்சென்று இருக்க ஒரு பீல் செய்துகொள்ளலாமா? (வாசகி, சேலம்)

வேண்டாம். முதல் பீலுக்கு உங்கள் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களுக்கும் தெரியாது, செய்பவருக்கும் தெரியாது. அதற்கு முன் இரண்டிலிருந்து நான்கு வாரம் பிரைமிங் (க்ரீம் பூசித் தோலைத் தயார் செய்வது), அப்புறம் இரண்டு மூன்று வார இடைவெளியில் நாலைந்து முறை பீல். மொத்தத்தில் மூன்று, நான்கு மாத வேலை. கல்யாணத் தேதி தள்ளி இருந்தால் இப்போதே தொடங்கலாம்.

பார்லரில் 35 சதவீத கிளைகாலிக் ஆசிட் பீல் போட்டார்கள். அதற்குப் பதில் ஆன்லைனில் 70 சதவீதம் வாங்கி நானே போட்டுக்கொண்டால் இரண்டு மடங்கு பலன் கிடைக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

கிடைக்காது. புண் கிடைக்கும். பாட்டிலில் சதவீதத்தைப் பார்த்தீர்கள், பி.எச். (அமிலத் தன்மையின் அளவு) எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஆசிடின் வேகத்தைச் சதவீதமும் பி.எச்.சும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பாதி நடுநிலையாக்கப்பட்ட 70 சதவீதத்தைவிட, அப்படிச் செய்யாத 35 சதவீதம் அதிகம் எரிக்கலாம். கிளைகாலிக்கின் மூலக்கூறு மிகச் சிறியது, சட்டென்று உள்ளே போய்விடும். தோல் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே, கையில் சோடியம் பைகார்பனேட் கரைசலோடு நின்று, சரியான நொடியில் அணைக்க வேண்டும். கண்ணாடி பார்த்துத் தனக்குத்தானே செய்துகொள்கிற வேலை இல்லை.

எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு முறை சொல்கிறேன். கொசு கடித்த இடம்கூட மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும் தோல் நம்முடையது. தோலை நிறத்தை வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் கணக்கில் நம்மில் பெரும்பாலோர் நான்காவது, ஐந்தாவது வகை. மெலிதாகச் சுட்டால்கூட நிறமி செல்கள் கறுப்பை அள்ளிக் கொட்டிவிடும். கறுப்பைப் போக்கப் போய்க் கறுப்பை வாங்கிக்கொண்டு வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

எலுமிச்சைச் சாறும் ஆசிட்தானே? இயற்கையானது வேறு.

எலுமிச்சை பூசி வெயிலில் போனால் தோல் வெந்து, திட்டுத் திட்டாகக் கறுக்கும். ரசத்துக்குப் பிழியுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

எனக்கு 42 வயது. கன்னத்தில் மங்கு. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, மூன்று வருடமாக மருந்துக்கடையில் ஒரு க்ரீம் வாங்கிப் பூசுகிறேன். முதலில் நன்றாக இருந்தது. நிறுத்தினால் முகம் எரிகிறது, சிவக்கிறது. பார்லரில் பீல் போட்டதும் கன்னம் வெந்து கறுத்துவிட்டது. வேறு நல்ல பீல் சொல்லுங்கள். (வாசகி, திருநெல்வேலி)

அம்மா, உங்களுக்கு இப்போது எந்த பீலும் கிடையாது. க்ரீமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீம். இதில் மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதித் தருகிற மருந்து அது. சிவப்பழகு க்ரீம் மாதிரி வருடக்கணக்கில் பூசுவதற்கு இல்லை.

முதல் மாதம் முகம் வெளுக்கும், பருகூட அடங்கும். அந்த ஒரு மாதத்தைப் பார்த்துத்தான் அக்கா தங்கைக்குச் சொல்கிறாள், தங்கை தோழிக்குச் சொல்கிறாள். அப்புறம் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், கன்னத்தில் பூனைமுடி அடர்த்தியாகும், கொத்துக் கொத்தாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இதற்கு எங்கள் துறையில் தனிப்பெயரே வைத்திருக்கிறோம். அந்த அளவுக்கு இந்த நாட்டில் இது பெருகிவிட்டது.

ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் சீட்டைக் கேட்காமல் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. என்னிடம் வந்த ஒரு பெண் இருபது ட்யூப் காலி செய்திருந்தார். யாரும் ஒரு முறைகூட அவரிடம் சீட்டு கேட்கவில்லை. கடைக்காரர்களே, வாங்க வருவது உங்கள் மகளாக இருந்தால் இப்படி எடுத்துக் கொடுப்பீர்களா? எனக்கு இது ஆறாத வருத்தம்.

மெலிந்த தோலில் ஆசிட் சீராக இறங்காது. ஓரிடத்தில் லேசாக, ஓரிடத்தில் ஆழமாகப் போகும். உங்கள் கன்னம் வெந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று அந்தப் பார்லரில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதி தொல்லை தவிர்ந்திருக்கும்.

இனி செய்ய வேண்டியது: ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், படிப்படியாக விடச் செய்வார். எரிச்சலுக்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்து இருக்கிறது. மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் தினமும் வேண்டும். மங்குக்கு இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, நிறம் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால். தோல் தேறப் பல மாதம் ஆகும். அதன்பின் மாண்டலிக், லாக்டிக் போன்ற மென்மையான பீலைப் பற்றிப் பேசலாம். மங்கு அடங்கும், வெயில் பட்டால் திரும்பவும் வரும். அடியோடு போக்குகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மகனுக்கு 16 வயது. கழுத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரி கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பீல் போடலாமா?

அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள். எடையும் கூடுதலாக இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். எடை குறைந்தால் கழுத்தும் தெளியும். பீல் அப்புறம்.

பருவால் வந்த குழிகள் பீலில் மேலே வருமா? (வாசகர், திருச்சி)

குழியைப் பொறுத்தது. ஊசியால் குத்தினது போன்ற குறுகலான, ஆழமான குழிகளுக்கு அடர்த்தியான டி.சி.ஏ. என்ற ஆசிடைப் பல்குத்தியின் நுனியால் தொட்டு, குழியின் அடியில் மட்டும் வைப்போம். சில நொடிகளில் வெண்மையாகும், பக்குக் கட்டி ஒரு வாரத்தில் உதிரும், உள்ளே கொலாஜன் என்ற தோல் புரதம் வளர்ந்து குழி மெல்ல மேலே வரும். மாதம் ஒன்றாக மூன்று, நான்கு முறை தேவைப்படும். அகலமாக, அலைபோல் இருக்கும் பள்ளங்களுக்கு முகம் முழுக்கப் போடும் பீலால் பெரிய பயன் இல்லை. சப்சிஷன் (பள்ளத்தை உள்ளே இழுக்கும் இழைகளை ஊசியால் அறுப்பது), மைக்ரோநீட்லிங் (நுண் ஊசிகளால் தோலைக் குத்துவது) பற்றிக் கேளுங்கள். எண்ணெய் வடியும் முகத்தில் இன்னும் பரு இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும். சாலிசிலிக் பீல் துளைகளுக்குள் இறங்கும், அதற்குப் பொருத்தமானது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். சாலிசிலிக் பீல் போடலாமா?

கூடாது. குழந்தை பிறந்தபின் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் தோல் உரிகிறது. பிய்த்து எடுத்தால் சீக்கிரம் முடியுமே?

பிய்த்த இடம் கறுக்கும். தானாக விழட்டும். ஸ்கிரப், த்ரெடிங், ப்ளீச் எல்லாம் ஒரு வாரத்துக்கு நிறுத்துங்கள்.

நாள் முழுக்க பைக்கில் டெலிவரி வேலை. பீல் செய்யலாமா? (வாசகர், சென்னை)

சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச முடியுமா? முடியும் என்றால், கத்திரி வெயில் கழிந்தபின் மென்மையான பீலில் தொடங்கலாம். முடியாது என்றால் அந்தப் பணத்துக்கு முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டும் நல்ல சன்ஸ்கிரீனும் வாங்குங்கள், கறுப்பு தானே குறையும்.

உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வரும். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். பீலுக்குப் பின் அது முகம் முழுக்கப் பரவக்கூடும். தேவைப்பட்டால் முன்கூட்டியே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து தருவோம். இப்போது கொப்புளம் இருந்தால் ஆறிய பிறகு வாருங்கள்.