வாசகர் கேள்வி – வல்லுநர் பதில்: வயலெட் சென்ட்

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: ஆண், பெண் இருவரும் போடலாம் என்று அச்சிட்டிருந்த வயலெட் சென்ட் வாங்கினேன். போட்ட பத்தே நிமிடத்தில் எனக்கு வாசனை தெரியவில்லை. பக்கத்தில் உட்காரும் தோழியோ, ‘இன்னும் பலமாக மணக்கிறது’ என்கிறாள். பாட்டில் போலியா?

அவசரப்பட்டு பாட்டிலைக் குறை சொல்ல வேண்டாம். வயலெட் என்ற சிறு ஊதாப் பூவின் மணத்துக்கு உயிர் கொடுப்பது அயோனோன் என்ற பொருள். 1893-ல் டீமான், குரூகர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் இருவர் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். மூக்கிலுள்ள வாசனை உணர்விகளை அது சீக்கிரம் களைப்படைய வைக்கும். சிறிது நேரம் மணக்கும், பிறகு ஒன்றுமே தெரியாது, உணர்விகள் தேறியதும் திரும்ப மணக்கும். மணம் சட்டையில்தான் இருக்கிறது; உங்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் மறுபடி மறுபடி அடித்துக்கொள்கிறார்கள். வகுப்பறையில் மற்றவர்களுக்குத் தலைவலி வருவது அதனால்தான். கழுத்தருகே ஒன்று, சட்டைக்குள் மார்பில் ஒன்று என இரண்டு ஸ்பிரே போதும். சந்தேகமாக இருந்தால் ஐந்து நிமிடம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்து சட்டையை முகர்ந்து பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அயோனோனில் ஒரு வகையான பீட்டா அயோனோனை எல்லோருடைய மூக்கும் ஒரே மாதிரி உணர்வதில்லை. ‘ஓ.ஆர்.5.ஏ.1’ என்ற மரபணுவின் வகையைப் பொறுத்து ஒருவருக்குப் பூ மணமாகத் தெரிவது இன்னொருவருக்கு மிக மங்கலாகத் தெரியும், அல்லது புளிப்பாகத் தெரியும். காகிதத் துண்டில் புதிதாக அடித்த முதல் நொடியிலேயே பூ மணம் தெரியவில்லை என்றால் இது காரணமாக இருக்கலாம். அப்போது எத்தனை முறை அடித்தாலும் பயன் இல்லை.

வாசகர், மார்த்தாண்டம்: தம்பிக்குப் பரிசாக வாங்க நினைக்கிறேன். முகர்ந்து பார்க்க வழியில்லை. எப்படி மணக்கும்? பெண்கள் பவுடர் மாதிரி இருக்குமா?

முதல் கால் மணி நேரம் பூ வராது, இலைதான் வரும். நறுக்கிய வெள்ளரிக்காய், கசக்கிய பச்சை இலை, கொஞ்சம் உலோக வாடை. வெள்ளரிக்காயில் இருக்கும் நோனாடியெனால் என்ற பொருளே வயலெட் இலையிலும் இருப்பதால் இந்த ஒற்றுமை. பிறகுதான் இதழ் எழும்பும்: லேசான இனிப்பு, உலர்ந்த மரம், பவுடர். மருதாணிப் பூவை முகர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டம் முற்றிலும் புதிதாக இருக்காது, அந்தப் பூவிலும் அயோனோன் உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து சிடார் மரமும் மஸ்க் என்ற கஸ்தூரி மணமும் மிஞ்சும். தோவாளைச் சந்தைப் பிச்சியின் கனத்த மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

பவுடர் பயம் நியாயமானதுதான். அயோனோனை ரோஜாவுடன் சேர்த்து முகப்பவுடருக்கும் உதட்டுச் சாயத்துக்கும் நெடுங்காலமாக மணமூட்டி வருகிறார்கள். மூளை உடனே அதைத்தான் நினைக்கும். இலையோ ஆண்கள் பக்கம் போனது. 1975-ல் வந்த கிரே ஃபிளானல், 1988-ல் வந்த ஃபாரன்ஹைட் என்ற ஆண்கள் சென்ட்டுகள் இரண்டிலும் வயலெட் இலை தூக்கலாக இருக்கும். இருபாலருக்கும் பொதுவான இன்றைய சென்ட்டுகள் இலையையும் இதழையும் சேர்த்து, ரோஜாவையும் இனிப்பையும் குறைத்து, மரத்தைக் கூட்டுகின்றன. விவரக் குறிப்பில் இலை, சிடார், மிளகு என்று இருந்தால் தம்பிக்குத் துணிந்து வாங்கலாம். ரோஜா, வனிலா, ஹீலியோட்ரோப் (இனிப்பாக மணக்கும் ஒரு பூ) என்று இருந்தால் பவுடர் பக்கம் சாயும். முடிந்தால் முழு பாட்டிலுக்கு முன் 2 மில்லி சாம்பிள் வாங்கி, காகிதத்தில் மட்டும் அல்லாமல் கையிலும் போட்டு, நாலு மணி நேரம் கழித்துத் தீர்மானியுங்கள்.

வாசகர், குளச்சல்: கடற்காற்றிலும் வியர்வையிலும் நிற்கவே மாட்டேன் என்கிறது.

குளித்து, உடம்பை நன்றாகத் துடைத்து, வியர்வை அடங்கிய பிறகு போடுங்கள். தோல் வறண்டிருந்தால் மணமில்லாத க்ரீம் கொஞ்சம் தடவிக்கொண்டு அதன்மேல் அடிக்கலாம். தேங்காய் எண்ணெயும் மணத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் அதன் சொந்த வாசனை இலையின் பச்சையை மூடிவிடும். பருத்திச் சட்டையில் ஒரு சாண் தள்ளி அடித்தால் தோலில் நிற்பதைவிட நெடுநேரம் நிற்கும். திரவம் ஊதா நிறமாக இருந்தால் வெள்ளை வேட்டியில் கறை விழும், அதனால் முதலில் சட்டையின் உள்பக்கம் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். மணிக்கட்டுகளை உரசவே வேண்டாம். தலையில் பிச்சிப்பூ வைக்கும் நாளில் வீட்டுப் பெண்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பிச்சிக்கு முன்னால் வயலெட் எழும்பாது. பாட்டிலை ஜன்னலோரத்திலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைத்தால் முதலில் கெடுவது இலை மணம்தான். அட்டைப் பெட்டியோடு அலமாரிக்குள் வையுங்கள்.

வாசகர், தக்கலை: ‘அசல் வயலெட் பூ அத்தர்’ என்று மலிவாக விற்கிறார்கள். நம்பலாமா?

பூவிலிருந்து எடுத்ததாக நம்ப வேண்டாம். பூவில் கிடைக்கும் எண்ணெய் மிகச் சொற்பம் என்பதால் அதை வடித்து விற்பது கட்டுப்படியாகாது. இலைச் சாறுதான் பிரான்ஸிலும் எகிப்திலும் இன்றும் எடுக்கப்படுகிறது, அதுவும் விலை கூடியது. பூ மணம் என்பது ஏறக்குறைய எப்போதும் அயோனோன்தான். அதன் மூலப்பொருள் நமக்கு அந்நியமல்ல: நம்மூர்ப் புல்தைலத்தில் (எலுமிச்சைப் புல் எண்ணெய்) 70–80 சதவீதம் சிட்ரால் என்ற எலுமிச்சை மணப்பொருள் இருக்கிறது. சிட்ராலை அசிட்டோனுடன் சேர்த்து, பின் அமிலத்தால் மாற்றினால் அயோனோன். இப்போது சிட்ராலையும் ஆலையிலேயே பெருமளவு தயாரிக்கிறார்கள். செயற்கை என்பதால் அந்த அத்தர் மட்டம் என்று ஆகிவிடாது. மணம் பிடித்திருந்தால் அத்தராகவே மதித்து வாங்குங்கள், ‘அசல் பூ’ என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

வாசகி, குலசேகரம்: தோல் அரிக்குமா?

சிலருக்கு அரிக்கலாம். பெட்டியில் ஆல்ஃபா ஐசோமெத்தில் அயோனோன், மெத்தில் 2-ஆக்டினோயேட் என்ற பெயர்களைத் தேடுங்கள். இரண்டும் ஒவ்வாமை தரக்கூடியவை என்று ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டவை. முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் தோலில் போடாதீர்கள்.