மூட்டக்காரர் சும்மா வெட்டித் தருகிறாராம், மேய்ச்சல் நிலத்தை விடலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு 6 ஏக்கரும் சீமைக்கருவேலங்காடாகிவிட்டது. கண்மாய்க்கரையை ஒட்டிய நிலம். கரிமூட்டம் போடுகிற ஒருவர், "காசு வேண்டாம், விறகை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுத்தம் செய்து தருகிறேன்" என்கிறார். மறுபடி முளைக்காதா? புல் வருமா?

பதில்: முளைக்கும். அவருக்கு வேண்டியதும் அதுதான். முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போவார். ஒரு மழைக்குள் ஒவ்வொரு தூரிலும் கொத்தாகத் துளிர் கிளம்பும். சில ஆண்டுகளில் அதே தூரில் கரிக்குத் தோதான கம்புகள் நிற்கும், அவரும் திரும்ப வருவார். நீங்கள் கொடுப்பது விறகை அல்ல, நிலத்தை.

தூரைத் தோண்டிப் பாருங்கள். அடிமரம் வேராக மாறும் இடம் முண்டுமுண்டாகப் பருத்திருக்கும். துளிர்க்கும் மொட்டுகள் அந்தக் கழுத்தில்தான் உறங்குகின்றன. மண்ணுக்குக் கீழே ஒரு சாண் முதல் ஓர் அடி வரை, கழுத்து முழுதும் வெளியே வரும்படி வேரை அறுத்தால் போதும். அதற்குக் கீழே மண்ணில் தங்கும் வேர் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. ஆகவே ஆறடி ஆழம் தோண்ட வேண்டும் என்று ஜேசிபிக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். மணிக்கணக்கு வாடகை அவரை அப்படிப் பேச வைக்கிறது. வாளியால் நிலத்தை வழிக்கவும் விடாதீர்கள். புல்விதை இருப்பது மேல்மண்ணில். அது குவியலாக ஓரம் போனால் மிஞ்சுவது கட்டாந்தரை. அந்தக் குவியலை மண் என்று விற்கவும் ஆள் வரும். தூரில் உப்பு, ஆசிட் ஊற்றச் சொல்பவரையும் திருப்பி அனுப்புங்கள்.

யார் வெட்டினாலும் ஊராட்சித் தீர்மானமும் வருவாய்த் துறை அனுமதியும் கையில் இல்லாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் "தூரோடு அகற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். "அடுத்த மழைக்குப் பின் துளிர்த்தவற்றையும் அகற்றிய பிறகே வைப்புத்தொகை திரும்பும்" என்றும் சேருங்கள். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டாயிற்று, 2022இல் அரசு அயல் தாவரங்களுக்கென்று கொள்கையும் வெளியிட்டாயிற்று. ஆனாலும் ஊர் ஏலங்களில் இந்த இரண்டு வரிகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெட்டும் முன் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். கருவேலம், குடைவேல், வன்னி எல்லாம் கூட்டத்தோடு கோடாரிக்குப் போய்விடும். "தெரியாமல் வெட்டிவிட்டோம்" என்பார்கள். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வால்போல் தொங்கும், காய் பழுத்தால் மஞ்சளாக இனிக்கும்.

6 ஏக்கரையும் ஒரே ஆண்டில் தொடாதீர்கள். ஆண்டுக்கு 2 ஏக்கர், தை மாசியில் மண் ஈரம் காய்வதற்குள். அடுத்த மழைக்குப் பின் விதைக்கன்றுகள் நெருக்கமாகக் கிளம்பும். விரற்கடை உயரத்தில் ஈரமண்ணில் கையால் இழுத்தால் வேரோடு வரும், ஒரு கோடை தாண்டினால் கடப்பாரை வேண்டும். குறைந்தது ஐந்து மழைக்காலம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டுப்புழுக்கையை உடைத்துப் பார்த்தால் விதை முழுசாக இருக்கும். காய் உதிரும் பருவத்தில் சுத்தம் செய்த இடத்தில் கிடை போட்டால், நீங்களே விதைத்ததாகிவிடும்.

கண்மாய்க்கரை மட்டும் தனிக்கதை, கவனமாகப் படியுங்கள். கரையில் நிற்கும் பெரிய தூரைப் பெயர்த்தால் குழி விழும். குழியை ஏனோதானோ என்று மூடினால் கண்மாய் நிரம்பும்போது தண்ணீர் அந்த இடத்தைத்தான் தேடிப்பிடிக்கும், கரை உடையும். எனவே கரையில் தரையோடு வெட்டித் துளிரைத் திரும்பத் திரும்பக் கொய்யுங்கள். பெயர்த்தே ஆக வேண்டுமென்றால் கோடையில் மட்டும். குழியில் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திம்சு கட்டையால் இடியுங்கள். கண்மாய்க்குள் பறவை கூடு வைத்திருந்தால் குஞ்சு பறக்கும் வரை அந்த மரத்தைத் தொடவே வேண்டாம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் சீமைக்கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. அப்படிப் பறவை தங்கும் இடங்களில் நாட்டுக் கருவேலம் வளர்ந்து இடம்பிடித்த பிறகுதான் இதை எடுக்க வேண்டும்.

வெறும் நிலம் தெரிந்தவுடன் மரக்கன்று லாரி வந்து நிற்கும். வாங்காதீர்கள். மேய்ச்சல் நிலத்தைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதிவைத்தவர்களுக்குக் கன்றின் எண்ணிக்கைதான் பசுமை. புல்லை எண்ண முடியாதே! ஊர் வரப்புகளில் விளைந்த கொழுக்கட்டைப்புல் விதையை உருவிச் சேர்த்து ஆறு மாதமாவது வையுங்கள், புதுவிதை சரியாக முளைக்காது. ஏக்கருக்கு 3 கிலோ, ஈரமணலோடு பிசறி, புரட்டாசிக் கடைசியில் தூவி, முள்மரக்கிளையை மேலே இழுத்துவிட்டால் போதும். ஆழம் போனால் வராது. முதல் ஆண்டு விதை உதிரும் வரை ஆடுமாடு உள்ளே போகாமல், வெட்டிய முள்ளையே சுற்றி அடைத்துவிடுங்கள்.