கழிச்சல் குட்டிக்குத் திப்பி போடலாமா?

கேள்வி: பத்துத் தாய்ப் பன்றிகள் வைத்திருக்கிறேன். 45ஆவது நாள் குட்டிகளைப் பிரிக்கிறேன், ஒரே வாரத்தில் கழிச்சல் வந்துவிடுகிறது. பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, மலிவாகக் கிடைக்கிறது. நார்ச்சத்து குடலுக்கு நல்லது என்கிறார்களே, போடலாமா? (ராசிபுரம் வாசகர்)

பதில்: போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். பிரித்த முதல் இரண்டு வாரம் கோதுமைத் தவிடு போதும், அதுவும் கொஞ்சம்தான்.

தாய்ப்பால் திடீரென்று நின்றதும் குட்டி ஒன்றிரண்டு நாள் சரியாகத் தின்னாது, குடலுறிஞ்சிகள் (குடல் சுவரில் சத்தை உறிஞ்சும் மெல்லிய முளைகள்) குட்டையாகிப் போகும், அப்புறம் பசி வந்து ஒரேயடியாகத் தின்னும்போது புண்ணாக்கிலும் சோயாவிலும் உள்ள புரதம் பாதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அழுகும். ஈ.கோலை கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். அங்கே கொஞ்சம் நாரும் போய்ச் சேர்ந்தால் நல்ல நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். அதில் ஒன்றான பியூட்டிரிக் அமிலம்தான் பெருங்குடல் சுவருக்கே சாப்பாடு.

கோதுமைத் தவிட்டை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பெயினில் பிரித்த குட்டிகளுக்கு 100 கிலோ தீவனத்தில் 4 கிலோ தவிடு சேர்த்துப் பார்த்தார்கள். தவிடு கரடுமுரடாக இருந்தபோது குடல் சுவரில் ஒட்டும் ஈ.கோலை குறைந்தது. அதனால் தவிட்டை மாவாக அரைக்காதீர்கள், கடையில் வாங்கியபடியே கலவையில் 4 கிலோ சேருங்கள். நல்லதுதானே என்று 15 கிலோ போட்டால் குட்டியின் சின்ன வயிறு தவிட்டிலேயே நிரம்பிவிடும், எடை ஏறாது. ஐரோப்பாவில் கழிச்சலுக்குத் தீவனத்தில் அதிக அளவு துத்தநாக ஆக்சைடு கலப்பதை 2022 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். தவிடு, பீட்ரூட் சர்க்கரை ஆலைச் சக்கை என்று அங்கே இப்போது நார் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

திப்பிக்கு வருவோம். அதில் நார் உண்டு, ஆனால் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான், புரதம் இல்லை என்றே சொல்லலாம். ஆத்தூர் பக்கம் ஒரு களத்தில் ஈரத் திப்பிக் குவியலுக்குள் கையை விட்டேன், உள்ளே சுட்டது. மேலே வெள்ளையாக இருந்தது, ஒரு சாண் தோண்டினால் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். பூசண நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது, குட்டிக்கு அது கழிச்சலைவிட மோசம். எனவே ஆலையிலிருந்து வந்த அன்றே சிமென்ட் களத்தில் மெல்லிசாகப் பரப்பி, கையில் நொறுங்கும் வரை காய வையுங்கள். பிரித்து மூன்றாவது வாரத்திலிருந்து 100 கிலோவுக்கு 5 கிலோ சேர்க்கலாம், அதற்கு ஈடாகச் சோளத்தைக் குறையுங்கள், புண்ணாக்கில் கை வைக்க வேண்டாம். சாணம் உருண்டு விழுந்தால் மேலே ஏற்றலாம், கூழாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஏற்கெனவே கழிந்துகொண்டிருக்கும் குட்டிக்குத் தவிடு மருந்து ஆகாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டித் தீவனத்தை இரண்டாவது வாரத்திலேயே தாயோடு இருக்கும்போது பழக்குங்கள், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். இதெல்லாம் சரியில்லாத கொட்டகையில் எந்த நாரும் உதவாது.

கேள்வி: ஜூஸ் கடைச் சாத்துக்குடிச் சக்கை கொடுக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: குட்டிக்கு வேண்டாம், தோலின் கசப்புக்குத் தீவனத்தையே தொடாமல் விட்டுவிடும். சினைப் பன்றிக்குக் கொடுங்கள். ஈனுவதற்கு முந்தைய நாட்களில் அதற்கு மலம் இறுகும், அப்போது இந்த நார் நல்ல துணை. ஸ்ட்ராவும் பிளாஸ்டிக் மூடியும் கிடக்கிறதா என்று ஒவ்வொரு கூடையையும் கொட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.