பக்கத்தில் பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் செடிகளுக்கான குரோ லைட்டை எப்படி எரிய வைப்பது?

செடி அலமாரி இருக்கும் மூலைக்கும் பிளக் பாயிண்டுக்கும் பத்து மீட்டர் தூரம் என்றும், பேட்டரியில் எரியும் குரோ லைட் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். நானும் அப்படித் தொடங்கி ஒரு தொட்டிப் புதினாவை இழந்தேன்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் என் தொட்டிகள் இருந்தன. 10 வாட் யுஎஸ்பி விளக்கு ஒன்றை 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் செருகிவிட்டுக் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். மாலையில் வந்து பார்த்தால் அணைந்திருக்கும். சற்று முன்புதான் அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் புதினாத் தண்டு நூலாக நீண்டது. கணுவுக்குக் கணு ஒரு விரல் நீள இடைவெளி, அதில் வெளிறிய சின்னச் சின்ன இலைகள். ஒரு நாள் தண்ணீர் ஊற்றியபோது அந்தக் கனத்தையே தாங்காமல் சாய்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் கணக்குப் போட்டேன். பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. அதன்படி மொத்தம் 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக, கைக்கு வருவது ஏறக்குறைய 60. அதாவது 10 வாட் விளக்கு ஆறு மணி நேரம் எரியும். செடிக்கோ நாளுக்கு 12 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். நாற்றுகளுக்கு 14 முதல் 16 மணி வரை கொடுப்பார்கள். ஒரே ஒரு சின்ன விளக்குக்காகத் தினமும் இரண்டு பவர் பேங்குகளைச் சார்ஜ் செய்துகொண்டிருக்க முடியுமா? பெரிய பேட்டரிக்குப் போனாலும் இதே கதைதான். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 256 வாட்-மணி தரும். 20 வாட் விளக்குக்கு ஒரு நாள் தாண்டாது. ஈய-அமில பேட்டரி என்றால் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கினால் பேட்டரி சீக்கிரமே வீணாகிவிடும்.

ஆகவே மின்சாரத்தைச் சுவரிலிருந்தே கொண்டு வாருங்கள். முதலில் தலைக்கு மேல் பாருங்கள். அந்த மூலைக்கு அருகில் பல்பு ஹோல்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாதாரண ஹோல்டரில் பொருந்தும் குரோ பல்புகள் கிடைக்கின்றன. ஆனால் கூரையிலேயே எரியவிட்டுப் பயனில்லை. தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறையும், ஒற்றைப் பல்புக்கு தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். வயருடன் தொங்கும் ஹோல்டர் போட்டு, இலைகளுக்கு ஓர் அடி மேலே வரும்படி இறக்கிக்கொள்ளுங்கள்.

ஹோல்டர் இல்லையென்றால், நான் இப்போது செய்திருப்பதைச் செய்யலாம். அடாப்டரும் டைமரும் பிளக் பாயிண்டிலேயே இருக்கின்றன. அங்கிருந்து அலமாரி வரை சுவரின் அடிவிளிம்பை ஒட்டி ஓடுவது குறைந்த மின்னழுத்த வயர் மட்டுமே. தண்ணீர் சிந்தும் இடத்துக்கு 230 வோல்ட் வருவதே இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. இதில் 12 வோல்ட் விளக்கை விட 24 வோல்ட் விளக்கைத் தேர்ந்தெடுங்கள். 24 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும். 0.5 சதுர மி.மீ. செம்பு வயரில் பத்து மீட்டர் போய்த் திரும்புவதற்குள் 1.4 வோல்ட் தொலைந்துவிடும். விளக்கு மங்குவது கண்ணுக்கே தெரியும். அதே வயரில் 24 வோல்ட் என்றால் இழப்பு 0.7 வோல்ட்தான், பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அடாப்டரில் 12 அல்லது 24 வோல்ட் என்று தெளிவாகப் போட்டிருந்தால்தான் வயரை நீட்டலாம். பெரிய பேனல் விளக்குகளில் டிரைவர், அதாவது சுவர் மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, கூடவே வரும். அதிலிருந்து விளக்குக்குப் போகும் மின்னழுத்தம் ஆளைத் தாக்கும் அளவுக்கு இருக்கலாம். அந்த வயரை வெட்டி ஒட்டாதீர்கள்.

அத்தகைய பேனல்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் நல்ல எக்ஸ்டென்ஷன் கார்டு போதும். 40 வாட் விளக்கு 0.2 ஆம்பியர் கூட இழுக்காது என்பதால் வயர் சூடாகும் கவலை இல்லை. ஆனால் விரிப்புக்கு அடியில் ஓட்டாதீர்கள். மிதிபட்டு உறை கிழிந்தால் வெளியே தெரியாது. சாக்கெட் பெட்டியைத் தரையில் போடாமல் தொட்டிகளை விட உயரத்தில், அலமாரியின் பக்கவாட்டில் மாட்டுங்கள். பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு வயரும் முதலில் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறி வரட்டும். தண்ணீர் ஊற்றும்போது வயரில் வழியும் துளி அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது.