தாய்ப்பாலிலிருந்து பவுடர் பாலுக்கு மாறும்போது எந்த டப்பாவைத் தேர்ந்தெடுப்பது?

5 மாதக் குழந்தை, வேலைக்குத் திரும்ப வேண்டும், பால் சுரப்பும் குறைந்துகொண்டே போகிறது, எந்தப் பவுடர் பால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் “தயவுசெய்து யாரும் திட்டாதீர்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது.

இந்நேரம் உங்களைச் சுற்றி ஆளுக்கொரு டப்பாவின் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் மகளுக்கு நான் 22 நாட்களில் 3 டப்பா மாற்றியவள். மூன்றில் எதன் மீதும் குற்றம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன் ஒன்று. தாய்ப்பாலுக்கு எதிராக எழுதுகிறேன் என்று சிலர் கிளம்பி வருவார்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எனக்கும் தெரியும். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கு அது தெரியாது? கேட்டவர் முடிவெடுத்துவிட்டு வழி கேட்கிறார். நான் மருத்துவரும் அல்ல. என் வீட்டில் நடந்ததையும், அதனால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதல் டப்பாவை ஆரம்பித்த நான்காவது நாள், குழந்தை குடித்த பாலில் கொஞ்சம் கக்கினாள். “ஒத்துக்கொள்ளவில்லை, மாற்று” என்றார் என் மாமியார். மாற்றினேன். இரண்டாவது டப்பாவில் மலம் இறுகியது. உருண்டை உருண்டையாக, முகம் சிவக்க முக்கிக்கொண்டு போனாள். என் அம்மா இன்னொன்றைச் சொன்னார். மருந்துக்கடைக்காரர், “வாயுத் தொல்லையாக இருக்கும், லாக்டோஸ் (பால் சர்க்கரை) இல்லாததைக் கொடுங்கள்” என்று மூன்றாவதை எடுத்து நீட்டினார். அதிலும் இறுக்கம் போகவில்லை. ஈரத்துணி மாற்றும் எண்ணிக்கைகூடக் குறைந்ததைப் பார்த்துப் பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடினேன்.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு எங்களைச் செவிலியரிடம் அனுப்பினார். அந்த அம்மா எந்த நிறுவனத்துப் பால் என்று கேட்கவேயில்லை. “நாளைக்கு டப்பா, கரண்டி, புட்டி மூன்றையும் எடுத்துவாருங்கள். ஒரு வேளைப் பாலை என் முன்னால் கலந்து காட்டுங்கள்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பால் கலக்கத் தெரியாதவளா நான்?

மறுநாள் அவர் முன்னால் கலந்தேன். கரண்டியைக் குவியலாக அள்ளி, டப்பா விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, பவுடர் அமுங்கியதும் மேலும் கொஞ்சம் அள்ளிப் போட்டேன். குழந்தைக்குக் குறைந்துவிடக் கூடாதே என்று தினமும் அப்படித்தான் செய்துவந்தேன். அவர் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பார்த்தார். “இது இந்த டப்பாவின் கரண்டியா?” இல்லை. முதல் டப்பாவில் வந்தது. நீளமான பிடி, கைக்கு வாகாக இருக்கும் என்று அதையே கழுவிக் காயவைத்து வைத்திருந்தேன். புதிய டப்பாக்களின் கரண்டி பவுடருக்கு அடியில் புதைந்து கிடந்தது.

அவர் அதைத் தோண்டி எடுத்தார். அதில் ஒரு கரண்டி அள்ளி, கத்தியின் முதுகால் மேற்பரப்பை வழித்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் கவிழ்த்தார். பக்கத்திலேயே என் கரண்டியில் நான் அள்ளுவதுபோல் ஒன்றை அள்ளிக் கவிழ்த்தார். இரண்டு குவியல்கள். என் குவியல் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை நாளும் என் பிள்ளையைக் கெட்டிப் பாலைக் குடிக்க வைத்துவிட்டு டப்பாவைப் பழித்துக்கொண்டிருந்தேன்.

எல்லா டப்பாவிலும் கரண்டி ஒரே அளவு கிடையாது. ஒன்றில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர் என்றிருக்கும், இன்னொன்றில் வேறு கணக்கு. பவுடர் கூடினால் மலம் இறுகும், உடலில் நீர் வற்றும், சிறுநீரகத்துக்குச் சுமை. குறைந்தால் அதைவிட மோசம். எடை ஏறாது, இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். டப்பாவை நீட்டிப்பதற்காகத் தண்ணீரைக் கூட்டுகிறவர்களுக்கு இதைக் கைகூப்பிச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகுதான் பவுடர். தட்டாமல், அமுக்காமல், வழித்துவிட்ட கரண்டி.

பவுடர் டப்பா மூடி முத்திரையிட்டு வந்தாலும் கிருமியற்றது அல்ல என்பதையும் அந்தச் செவிலியரிடம்தான் தெரிந்துகொண்டேன். குரோனோபேக்டர் என்ற கிருமி அதில் இருக்க வாய்ப்புண்டு; அரிதுதான், ஆனால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 2007-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் கலந்து, பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். கொட்டிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. 5 மாதம் என்பதால் பிறந்ததிலிருந்து கொடுக்கக்கூடிய, 1 என்று எண் போட்ட சாதாரணப் பால்தான் வேண்டும். பசும்பாலை அடிப்படையாகக் கொண்டதாக, மாவுச்சத்தில் லாக்டோஸ் முதன்மையாக இருப்பதாகப் பாருங்கள். குழந்தைகளுக்கான பால் பவுடரில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேசத் தரம் 1981 முதல் இருக்கிறது. புரதம், இரும்பு, கொழுப்பு எல்லாவற்றுக்கும் அதில் வரம்பு உண்டு. முறையாக விற்கும் டப்பாக்களுக்கிடையே வித்தியாசம் விளம்பரம் காட்டும் அளவுக்குக் கிடையாது. விலை உயர்ந்ததை வாங்க முடியவில்லையே என்று ஒருநாளும் கலங்காதீர்கள்.

6 மாதம் ஆனதும் 2-ஆம் எண்ணுக்கு மாறியே ஆக வேண்டும் என்பார்கள். அவசியமில்லை, ஒரு வயது வரை 1-ஆம் எண்ணே போதும். இந்த 2-ஆம் எண் தொடர்பால்கள் தேவையற்றவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார சபை 1986-லேயே தீர்மானத்தில் எழுதிவிட்டது. ‘அதிகம் பசிக்கும் குழந்தைக்கு’ என்று விற்கும் வகைப் பாலில் கேசின் என்ற பால் புரதம் கூடுதலாக இருக்கும், அது செரிக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். லாக்டோஸ் இல்லாத பாலை என்னைப்போல் கடைக்காரர் சொல்லி வாங்காதீர்கள். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். 5 மாதம் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு அது திடீரென்று விஷமாகுமா? மலத்தில் இரத்தம், உடம்பில் தடிப்பு, விடாத வாந்தி, மூச்சில் இழுப்பு என்றால் பால்புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குத் தனிப் பால் உண்டு, அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். சாதாரணப் பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முக்கியப் பாலாகக் கொடுக்கவே கூடாது.

கொஞ்சம் கக்கினால் உடனே மாற்றாதீர்கள். முதல் டப்பாவுக்கே நான் திரும்பினேன். திறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, ஒரு மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதே பால், அதன் சொந்தக் கரண்டி, வழித்த அளவு. நான்கு நாளில் மலம் இளகிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நான் பகலில் தாய்ப்பாலை நிறுத்தியதே விரும்பி நிறுத்தியது அல்ல. வேலைக்குத் திரும்பியபோது பால் எடுத்து வைக்க ஓர் இடம் கேட்டேன். பழைய கோப்புகள் அடைத்த அறையைக் காட்டினார்கள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு காலால் அதை அழுத்திக்கொண்டு, வெளியே யாராவது நடக்கும் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்தால் பால் எப்படி இறங்கும்? “10 நிமிடத்தில் முடியாதா?” என்று மேலதிகாரி கேட்டார். ஒரே மாதத்தில் சுரப்பு பாதியானது. அதே அலுவலகத்தில் அதே ஆட்கள் பிறகு கேட்டார்கள், “ஐயோ, பவுடர் பாலா கொடுக்கிறீர்கள்?” என்று. கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கலாம் அவர்கள்.

நிறுத்துவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் 3 வேளையை நிறுத்தி, மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சலில் கிடந்தேன். ஒரு வேளையை நிறுத்திச் சில நாள் விட்டு அடுத்ததை நிறுத்துங்கள். முதலில் பகலில் நீங்கள் வீட்டில் இல்லாத வேளை. இரவுப் பாலைக் கடைசி வரை வைத்துக்கொள்ளலாம். பவுடர் பால் ஆரம்பித்தால் தாய்ப்பாலை முழுவதும் விட வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. என் மகள் 11 மாதம் வரை இரவில் என்னிடம்தான் குடித்தாள்.