கண்ணாடி உடைத்தவன்

சார், வணக்கம்.

சினிமா, கிரிக்கெட் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள், வீடியோ கேம் பற்றி எப்போதாவதுதான். அதனால் கேட்கிறேன். பல வருடமாக விட்டு விட்டு ஸ்கைரிம் என்ற கேம் ஆடுகிறேன். போன வாரம் அதில் வரும் வைட்ரன் ஊரில் ஒரு கடைக்காரரைக் கொன்றேன். சும்மா, என்ன ஆகிறது பார்ப்போம் என்றுதான். காவலர் வந்தார். ஆயிரம் பொன் கட்டினேன், விட்டுவிட்டார். இரண்டு நாளில் மந்திரக் கல்லூரிக்கு என்னையே தலைவராக்கினார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு மந்திரம்.

அக்கா பையன் கல்லூரி முதலாண்டு. இப்போதுதான் விட்சர் 3 என்ற கேம் தொடங்கியிருக்கிறான். எது தப்பாகப் போனாலும் ‘லோட் பண்ணிக்கலாம் மாமா’ என்கிறான், முன்பு சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி ஆடிக்கொள்ளலாமாம். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் எதைச் செய்தாலும் ஒன்றுதானே? தண்டனை கடுமையாக இருந்தால்தான் அந்தச் சுதந்திரத்துக்கு அர்த்தம் வரும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்., வேளச்சேரி

அன்புள்ள ஆர்.,

இரண்டு மந்திரம் தெரிந்தவர் கல்லூரித் தலைவரானதில் எனக்கு ஆச்சரியமில்லை. நாம் பார்க்காததா?

உங்கள் குறை சரி, மருந்துதான் தப்பு. ஆயிரம் பொன்னைப் பத்தாயிரமாக்கினால் இன்னும் நாலு குகைக்குள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து கட்டிவிடுவீர்கள். விலை இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது கட்டணம்தான். கத்திபாராவில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால் ஆயிரம் ரூபாய். சலான் போட்டதும் விஷயம் முடிந்தது. நாளைக்கு அந்தப் போலீஸ்காரருக்கு உங்கள் முகம்கூட ஞாபகம் இருக்காது.

1996இல் மேற்கு மாம்பலத்தில் தெருக் கிரிக்கெட் ஆடும்போது எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். அப்பா மறுநாளே புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தோம். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அந்த மாமி என் மனைவியிடம், “இவன்தானே எங்காத்துக் கண்ணாடிய ஒடச்சவன்” என்றார். நாற்பது தாண்டிவிட்டேன், தலை பாதி நரைத்துவிட்டது, இன்னும் நான் கண்ணாடி உடைத்தவன்தான். மாமி என்னை அன்றும் திட்டவில்லை. மறக்கவில்லை, அவ்வளவுதான். ஸ்கைரிமில் இல்லாதது இந்த மாமி.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) ஆடியிருப்பீர்கள். அந்த ஒரே கேமில் சலானும் இருக்கிறது, மாமியும் இருக்கிறார். வாலண்டைன் ஊரில் பத்துப் பேரைச் சுட்டுவிட்டு, நம் தலைக்கு வைத்த விலையை நாமே தபால் அலுவலகத்தில் கட்டிவிட்டு, அதே ஊர் மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கலாம். அது சலான். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு வேலை வரும். நாம் ஆட்டுவிக்கும் நாயகன் ஆர்தர் மார்கன் வட்டிக் கடன் வசூலிக்கப் போவான். டௌன்ஸ் என்ற நோஞ்சான் விவசாயியை வேலியோரம் போட்டு அடிக்கும்போது அந்த ஆள் இவன் முகத்தில் இருமிவிடுவான். நாம் துடைத்துக்கொண்டு அடுத்த மிஷனுக்குப் போய்விடுவோம். எத்தனையோ மணி நேரம் கழித்து, செயின்ட் டெனிஸ் தெருவில் ஆர்தர் இருமி இருமிச் சுருண்டு விழுவான். காசநோய் என்பார் டாக்டர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விவசாயியை அடிக்காமல் விட நமக்கு வழியே கிடையாது. அடித்தால்தான் கதை நகரும். இஷ்டப்படி சுட்ட பத்துப் பேரில் ஒருவன் முகமும் எனக்கு ஞாபகமில்லை. வேறு வழியில்லாமல் அடித்த ஒருவனை மறக்க முடியவில்லை. உங்கள் கட்சி மட்டுமில்லை, சுதந்திரம் கூடக் கூட எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்கள் கட்சியும் இங்கே ஆட்டம் காண்கிறது.

ஸ்கைரிம்காரர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஸ்கைரிமைச் செய்த அதே பெத்தெஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட மாரோவிண்ட் கேமில் கதைக்கு முக்கியமான ஆளையும் கொல்லலாம். கொன்றால், விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குப் போ, இல்லையென்றால் நீ கெடுத்த உலகத்திலேயே கிட என்கிற பொருளில் நாலு வார்த்தை வரும். அப்புறம் உன் பாடு. 2006இல் அவர்களுடைய ஆப்லிவியன் கேம் வந்தபோது முக்கியஸ்தர்கள் சாவதை நிறுத்திவிட்டார்கள். வெட்டினால் மயங்கி விழுவார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்வார்கள். பெரும்பாலும் காசுக் கணக்குதான். ஆடுகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் பத்து இருந்தால், எல்லாம் ஒன்றையொன்று பாதிக்க வேண்டுமென்றால் 1,024 கதை. பாதிப் பேர் பார்க்கவே போகாத காட்சிக்குக் குரல் கொடுக்க ஆள் பிடித்துச் சம்பளம் தர யாருக்கு மனசு வரும்?

ஞாபகத்தைக் கொஞ்சம் சிக்கனமாகச் செய்துகாட்டியது ஷேடோ ஆஃப் மோர்டார் (2014) என்ற கேம். உங்களைக் கொன்ற ஓர்க்குக்கு, அதாவது எதிரிப் படை அரக்கனுக்கு, பதவி உயர்வு கிடைக்கும். அடுத்த முறை எதிரே வந்தால் பழையதைச் சொல்லிக் குத்திக்காட்டுவான். அருமையான யோசனை. வார்னர் பிரதர்ஸ் 2021இல் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். மாமிக்கும் காப்புரிமை!

உங்கள் அக்கா பையன் விஷயத்துக்கு வருகிறேன். விட்சர் 3இல் வேலன் பகுதியில் ஒரு குன்று வரும். உள்ளே ஒரு மரத்தில் ஆவி ஒன்று அடைபட்டுக் கிடக்கும். என்னை விடுவித்தால் சதுப்பு நிலத்து அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்று கெஞ்சும். அதை அழிக்கச் சொல்லித்தான் உங்களை அனுப்பியிருப்பார்கள். அனுப்பியவர்களும் யோக்கியமில்லை. எது நல்லது என்று திரையில் ஒரு குறிப்பும் கிடையாது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கும். ஆனால் பக்கத்துக் கிராமம் அழியும், அந்தப் பகுதியை ஆளும், கோட்டையில் இருக்கும் குடிகாரப் பாரன் என்கிற பிரபுவின் மனைவி செத்துப்போவாள், அவனும் தூக்கில் தொங்குவான். அழித்தால் அவள் புத்தி பேதலித்தாவது உயிரோடு இருப்பாள், குழந்தைகள் போய்விடும். இதெல்லாம் உடனே தெரியாது. சில மணி நேரம் ஆடிய பிறகு, வேறு வேலையாகப் போகும்போது தெரியும். அப்போதும் லோட் பண்ணிக்கொள்ளலாம். ஆனால் அத்தனை மணி நேர ஆட்டமும் சேர்ந்து போகும்.

லோட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2004 வாக்கில் அசோக் நகரில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். ஆறு கம்ப்யூட்டரில் ஒன்றில் மட்டும் வைஸ் சிட்டி ஓடும், ஊரெல்லாம் வண்டி ஓட்டிச் சண்டை போடும் கேம். ஹோட்டலுக்குத் திரும்பிப் போய், அங்கே சுழலும் கேசட்டைத் தொட்டால்தான் சேவ் ஆகும். சேவ் செய்தாலும் மறுநாள் வேறு எவனாவது அதன் மேலேயே சேவ் செய்திருப்பான். போலீஸ் தேடுவதன் உச்சமான ஆறு ஸ்டார் வாங்கி ராணுவ டாங்கி துரத்திக்கொண்டிருக்கும், சென்டர் அண்ணன் வந்து “டைம் முடிஞ்சிருச்சுப்பா” என்று தோளைத் தட்டுவார். போச்சு. அதனால் மிஷன் கையில் இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவோம். என் நண்பன் ஒருவன் சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டியை நிறுத்துவான். வைஸ் சிட்டியில்! பின்னால் நிற்கிற நாங்கள் சிரிப்போம், அவன் பச்சை விழும்வரை அசைய மாட்டான்.

அக்கா பையனிடம் ஒரு பந்தயம் கட்டுங்கள். அந்தக் குன்றுக்குப் போனதிலிருந்து பாரன் கதை முடியும் வரை லோட் கிடையாது என்று. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அவன் முகத்தைப் பாருங்கள். அதுவரை இந்தப் பதிலை அவனிடம் காட்டிவிடாதீர்கள்.