பையன் கூச்சப்படுகிறானா? கேமராவைப் பிடுங்காதீர்கள்

வணக்கம் அம்மா. பையன் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான், மார்க்குக்குக் குறைவில்லை, ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்கிறான், அடுத்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் என்ன செய்யப்போகிறானோ என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "எந்நேரமும் கேமராவைத் தூக்கிக்கொண்டு குருவி, கோபுரம், மேகம் என்று அலைகிறான், வாங்கி வைத்துவிடலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கி வைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரியே அதுதான்.

பணம் கட்டி பெர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பில் சேர்க்கலாமா என்கிறீர்கள். அங்கே மேடையேற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள், மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுவான். இன்டர்வியூவில் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன கேட்பார் என்று தெரியாமலே பேச வேண்டியிருக்கிறதே, அவன் திணறப்போவது அங்கேதான். அந்தப் பழக்கம் தெருவில்தான் வரும். சும்மா போய் யாரிடமாவது பேசு என்றால் எந்தக் கூச்சக்காரப் பிள்ளையும் போகாது, போய் நிற்க ஒரு சாக்கு வேண்டும். அவனிடம் கேமரா இருக்கிறது. குருவியை விட்டுவிட்டு மனிதர்கள் பக்கம் திருப்பினால் போதும்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. போட்டோ பகிரும் ஃப்ளிக்கர் தளத்தில் '100 ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்றே ஒரு குழு உண்டு. தெரியாத 100 பேரிடம் நேரில் போய்ப் பேசி, சம்மதம் வாங்கி, முகத்தைப் படமெடுக்க வேண்டும், மறைந்து நின்று எடுத்தால் கணக்கில் சேராது. சிகாகோவில் கடன்பத்திர வர்த்தக வேலையை இழந்த பிராண்டன் ஸ்டாண்டன், 2010-இல் நியூயார்க் தெருக்களில் 10,000 பேரைப் படமெடுப்பது என்று கிளம்பியதும் இதே வேலைதான். உங்கள் பையனுக்கு அவ்வளவு பெரிய கணக்கு வேண்டாம், வாரத்துக்கு இரண்டு பேர் போதும்.

முதல் வேலையாக, குருவி எடுக்கும் அந்த நீள ஜூம் லென்ஸை அறையிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றே எடுத்துவிடுவான். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸை அதன் முழு ஜூமான 55-இல் வைத்தால் முகமும் தோளும் படத்துக்குள் நிறைய நாலைந்து அடி பக்கத்தில் போய் நின்றாக வேண்டும். அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியாது.

ஆரம்பம் தினமும் டீ குடிக்கும் கடைக்காரராக இருக்கட்டும், அப்புறம் முகம் மட்டும் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர், அதற்கப்புறம்தான் தெரியாதவர்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ கட்டும் ஒரு அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எதுக்கு தாயி, பேப்பர்ல போடவா?" என்றிருக்கிறார். அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. திக்கித் திணறி, ஆட்களிடம் பேசவே பயமாக இருக்கிறது, அதற்காகத்தான் இப்படிப் பழகுகிறேன் என்று உண்மையையே சொல்லிவிட்டாள். அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்!

எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். "வேண்டாம்ப்பா" என்பார்கள், சிலர் முறைப்பார்கள். "சரிங்கண்ணே, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகரத் தெரிவதுதான் இதில் பெரிய பாடம், அதனால் மறுத்தவர்களையும் நோட்டில் குறித்து வைக்கட்டும். எடுத்த படத்தை அங்கேயே திரையில் காட்ட வேண்டும். அடுத்த வாரம் ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டுக்கொண்டு போய்க் கொடுக்கட்டும், இரண்டாவது பேச்சு தானாக நீளும். பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் குழந்தைகளை எடுக்கக் கூடாது. கேட்காமல் யார் படத்தையும் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. கோயிலுக்குள் கேமராவை எடுத்துப்போக வேண்டாம், வாசல் கடைகளே போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆட்களைப் பார்த்தாலே கை நடுங்கி மூச்சு முட்டுகிறது, வகுப்புக்கே போகாமல் அறையில் முடங்குகிறான் என்றால் அது வெறும் கூச்சமாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது கேமராவைச் சிகிச்சையாக நம்பிக் காத்திருக்காதீர்கள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

ரெஸ்யூமேயில் 'பொழுதுபோக்கு: போட்டோகிராபி' என்று ஒற்றை வரியாகப் போட வேண்டாம். எங்கே, எத்தனை பேரை, எதற்காக எடுத்தான் என்று ஒரு ப்ராஜெக்டாகவே எழுதட்டும். அதைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் விடுவது கஷ்டம், கேட்டால் அவனிடம் சொல்ல விஷயம் இருக்கும். நீங்கள் இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் "இன்றைக்கு எத்தனை பேர்?" என்று கணக்குக் கேட்காதீர்கள், யாரைப் பார்த்தான், அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.